வெள்ளெழுத்தும் வெல்டிங் வெளிச்சமும்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் கிடுகு வேலி அருகிப் போய்விட்டது. வேலி நின்ற இடத்தில் மதில் எழும்பியது. மதில் வந்த பிறகு தடிப் படலை எடுபடுமா? கேற் வேண்டும். கேற்றைத் தொடர்ந்து யன்னலுக்குக் கிறில், மாடிக்குக் கைபிடி, முற்றத்தில் நிற்கும் காருக்குத் தகரக் கூரை, கோயில் தேருக்குக் கொட்டகை என்று இரும்பு வேலை நீண்டுகொண்டே போனது. போர் முடிந்து ஏ-9 வீதி திறந்த பிறகு, வீட்டுத்திட்டங்களும் வெளிநாட்டுக் காசும் சேர்ந்து வீடுகள் எழும்பிய ஆண்டுகளில், பொக்ஸ் பாரும் அங்கிள் இரும்பும் லொறி லொறியாக வந்து இறங்கின.

அந்த இரும்பை ஒட்டியவர்களில் பலர் தேசிய மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் தொழில் பழகியவர்கள். மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரின் இரைச்சலோடு பழகியவர்கள். இன்று அவர்களுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது வயது. பலருடைய பிள்ளைகள் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கிறார்கள். பட்டறையைப் பொறுப்பெடுக்க ஆளில்லை. அதனால் ஓய்வும் இல்லை.

வயதேறியவரின் வேலையில் முதலில் தெரிவது ஒரு சின்ன விலகல். இரண்டு இரும்பு சேரும் கோட்டின் மேலே ஓட வேண்டிய ஒட்டு ஓர் அங்குல தூரம் நேராகப் போய், பிறகு ஒரு பக்க இரும்பின் மேல் ஏறிவிடும். பார்க்க ஒட்டியது போலவே இருக்கும். கசடைத் தட்டினால் இடுக்கு அப்படியே வாய் திறந்து நிற்கும். கிறைண்டர் பிடித்துத் தேய்த்து, திரும்ப ஒட்ட வேண்டும். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “அண்ணைக்குக் கை நடுங்கத் தொடங்கிட்டுது போல” என்று மெதுவாகச் சொல்வார். அண்ணையும் மறுத்துப் பேச மாட்டார். கண் தெரியவில்லை என்று சொல்வதைவிட, கை நடுங்குது என்று விட்டுவிடுவது அவருக்குச் சுலபம். கண் போன வெல்டிங்காரருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

பெரும்பாலும் கையில் ஒரு பிழையும் இருக்காது. முப்பது வருடம் பழகிய கை தூக்கத்திலும் றொட்டைச் சரியான சரிவில் பிடிக்கும். கோடு தெரியாததால்தான் அது வழி தவறுகிறது. இதற்குப் பரிகாரம் தேடுபவர்கள் முதலில் போய் நிற்பது ஹார்ட்வெயார் கடையில், தானாக இருளும் ஹெல்மெற்றுக்கு முன்னால். விலை கூடியதை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஒட்டு அப்போதும் விலகுகிறது. என் கணக்கில் ஹெல்மெற் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். முதலில் கண்ணைச் சோதிக்க வேண்டும், அடுத்து மூக்குக் கண்ணாடி, அதற்கு அடுத்து வெளிச்சம். இந்த ஒழுங்கில் போனால் செலவும் குறையும்.

நாற்பதுக்குப் பிறகு கண்ணில் நடப்பது

கண்ணுக்குள் இருக்கும் வில்லை சின்ன வயதில் இளகியதாக இருக்கும். கிட்ட உள்ளதைப் பார்க்கும்போது அது தன்னை உப்பிக்கொள்ளும். வயது போகப் போக அது இறுகுகிறது. பத்து வயதுப் பிள்ளை மூக்கு நுனியில் வைத்த எழுத்தையும் வாசிக்கும். நாற்பது தாண்டியவர் பத்திரிகையைத் தள்ளித் தள்ளிப் பிடிப்பார். அறுபதில் அந்த உப்பும் சக்தி அநேகமாகத் தீர்ந்துபோகும். இதுதான் வெள்ளெழுத்து. எங்களைப் போல வெப்ப நாடுகளில் இருப்பவர்களுக்கு இது குளிர் நாட்டவரைவிடச் சற்று முந்தியே வருகிறது.

எங்கள் பக்கத்தில் இதற்கு வேறொரு காரணம் சொல்வார்கள். “பொருளாதாரத் தடைக் காலத்திலை ஜாம் போத்தல் விளக்கிலை படிச்ச கண், இப்படித்தான் போகும்” என்பது பலர் வாயில் கேட்கிற பேச்சு. மின்சாரமில்லாத அந்தக் காலத்து விளக்கின் மேல் பழி போடத் தேவையில்லை. மங்கல் வெளிச்சத்தில் வாசித்தால் கண் களைக்கும்; அதற்காக வில்லை இறுகுவதில்லை. நல்ல மின்விளக்கில் படித்த கொழும்புக்காரருக்கும் நாற்பதில் வெள்ளெழுத்து வரத்தான் செய்கிறது.

வெல்டிங் வேலைக்காரரை இதைவிடக் கூடுதலாக வதைப்பது இன்னொரு மாற்றம். வயதானவரின் கண்மணி சுருங்கியே இருக்கும், வில்லை மஞ்சளாகும். இரண்டும் சேர்ந்து, அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கூச்சமும் கூடுகிறது. பளிச்சென்று ஒரு வெளிச்சம் பட்டால், பார்வை பழைய நிலைக்குத் திரும்ப முன்னரைவிட நேரம் எடுக்கும். ஆக, வயதான வெல்டிங்காரருக்கு இரண்டு குறை: கோடு கூர்மையாகத் தெரிவதில்லை, போதிய வெளிச்சமும் உள்ளே போவதில்லை. இவை இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பவர் வேண்டிய இடத்தில் வெளிச்சத்தையும், வெளிச்சம் வேண்டிய இடத்தில் பவரையும் கொடுத்துப் பார்ப்பதில்தான் பலருடைய காசு வீணாகிறது.

அளவு நாடாவோடு கண்ணாடிக் கடைக்கு

கண்ணாடிக் கடையில் பார்வை பார்ப்பவர் வழக்கமாகக் கையில் தருவது ஒரு வாசிப்பு அட்டை. அதை ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்துப் பார்த்து, எழுத்துத் தெளிந்ததும் பவரைக் குறிப்பார். அந்தக் கண்ணாடி பத்திரிகை வாசிக்கத் தோதாக இருக்கும். வெல்டிங்குக்கு?

நிலத்தில் குந்தியிருந்து கேற் ஒட்டும்போது முகத்துக்கும் ஒட்டுக்கும் இடைத்தூரம் 45 முதல் 60 சென்ரிமீற்றர் வரை இருக்கும். உட்காரும் விதத்தையும் கையின் நீளத்தையும் பொறுத்து ஆளுக்கு ஆள் அது மாறும். உப்பும் சக்தி தீர்ந்துபோன கண்ணுக்கு 2.50 பவர் போட்டால் 40 சென்ரிமீற்றரில்தான் தெளிவு. அதற்கு அப்பால் மங்கல். 50 சென்ரிமீற்றரில் தெளிவு வேண்டுமென்றால் 2.00 போதும். வாசிப்புக் கண்ணாடியோடு ஒட்டுபவர் தெளிவைத் தேடித் தன்னையறியாமல் முகத்தைக் கிட்டக் கொண்டுபோகிறார். பொறி முகத்துக்கு நெருங்குகிறது. அதைவிடக் கெடுதல், புகை நேரே மூக்குக்குள் ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017 இல் வெல்டிங் புகையையும், வெல்டிங்கில் வரும் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதலாம் பிரிவில் சேர்த்தது. தவறான பவர் கடைசியில் நுரையீரல் வருத்தமாகவும் வந்து முடியலாம்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். வழக்கமாக வேலை செய்யும் நிலையில் இருந்துகொண்டு, பட்டறைப் பொடியனைக் கொண்டு கண்ணிலிருந்து ஒட்டும் இடம் வரை நாடா பிடித்து அளவெடுங்கள். அந்த அளவை எழுதிக்கொண்டு போங்கள்.

“ஐயா, வாசிக்கிறதுக்கோ கண்ணாடி?”

“இல்லைத் தம்பி, நான் வெல்டிங் வேலை. எனக்கு இந்தத் தூரத்துக்குத் தெளிவா வேணும்.”

இந்த ஒரு வசனம் போதும். தொழில் தெரிந்தவர் அந்தத் தூரத்துக்கு அட்டையைப் பிடித்துப் பார்த்துத்தான் பவர் எழுதுவார்.

வாங்குவது ஒற்றைப் பவர்க் கண்ணாடியாக இருக்கட்டும். மேலே தூரத்துக்கும் கீழே வாசிக்கவும் என்று கோடு போட்டு வரும் இரட்டைப் பவர்க் கண்ணாடி ஹெல்மெற்றுக்குள் பெரிய தொந்தரவு. கீழ்ப் பகுதியால் பார்க்கத் தலையை அண்ணாக்க வேண்டும். அண்ணாந்தால் ஹெல்மெற்றின் சன்னல் மேலே போய்விடும். நாள் முழுக்க இப்படி நிமிர்ந்தும் குனிந்தும் மாலையில் பிடரி வலிக்கும். கூரைக்குக் கீழே நின்று மேல்நோக்கி ஒட்டும்போது அந்தக் கீழ்ப் பகுதி ஒன்றுக்கும் உதவாது. கோடில்லாத புதுவகைக் கண்ணாடியிலும் தெளிவான பகுதி ஒடுக்கமாக இருப்பதால் ஏறக்குறைய இதே கதைதான். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடியையும் வேலைக்குப் போடாதீர்கள். முற்றத்து வெயிலில் அளவெடுத்துவிட்டு வந்து ஹெல்மெற்றை இறக்கினால் இருட்டுக்கு மேல் இருட்டு. அது வெளிறச் சில நிமிடங்கள் பிடிக்கும். வில்லை பிளாஸ்ரிக்காக, முடிந்தால் பொலிகாபனேற்றாக இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடி பட்டால் உடையும், பொறி பட்டுப் புள்ளி விழும்.

கண்ணாடி மாட்டினால் ஹெல்மெற் முட்டுகிறது, வேர்வையில் வழுக்குகிறது என்பவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. ஹெல்மெற்றின் உட்பக்கத்தில், இருண்ட கண்ணாடிக்குப் பின்னால், செருகிவிடக்கூடிய உருப்பெருக்கி வில்லை விற்பனையில் இருக்கிறது. 51க்கு 108 மில்லிமீற்றர் அளவுள்ள தட்டையான பிளாஸ்ரிக் துண்டு, பவர் 0.75 இல் தொடங்கி 3.00 வரை. வெளிநாட்டில் கைச் செலவுக் காசுக்குக் கிடைக்கும். உருப்பெருக்கி என்று பெயரிருந்தாலும் அது செய்வது வாசிப்புக் கண்ணாடியின் வேலைதான். ஏற்கெனவே கண்ணாடி போட்டிருப்பவர் அதையும் செருகினால் இரண்டு பவரும் கூடிவிடும் என்பதை மறக்கக் கூடாது. இரு கண்ணுக்கும் பவர் வேறுபட்டவருக்கும், உருளைப் பவர் உள்ளவருக்கும் இது சரிவராது. அவர்களுக்கு மூக்குக் கண்ணாடிதான் வழி.

வெள்ளெழுத்தென்று நாமே முடிவு கட்டுவதிலும் ஆபத்துண்டு. சீனி வருத்தம் உள்ளவருக்கு இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது பவரும் மாறும். அது கட்டுக்குள் வராத நாளில் எடுத்த கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது. கண் நீர் அழுத்தம் வலியில்லாமல் ஓரப் பார்வையைத் தின்னும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவில் இவற்றையெல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். கிளினிக் வரிசையில் ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். பிழைத்த கேற்றைத் திரும்ப ஒட்டவும் ஒரு நாள் கூலி போகத்தான் போகிறது. பார்வை திடீரென்று மங்கினாலோ, திரை விழுந்தது போல் ஒரு பக்கம் மறைந்தாலோ, வரிசையைப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே போங்கள்.

கிரகணம் சொல்லித்தந்த இலக்கம்

2010 ஜனவரி 15 அன்றும், 2019 டிசம்பர் 26 அன்றும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை யாழ்ப்பாணத்துக்கு மேலாகப் போனது. சூரியன் வளையமாகத் தெரிந்த அந்த நாட்களில் வெல்டிங் கண்ணாடிக்குத் தனி மவுசு. கிரகணத்தை வெறுங் கண்ணுக்கு முன்னால் வெல்டிங் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் அது குறைந்தது 12 ஆம் இலக்கமாக இருக்க வேண்டும், 14 நல்லது. பட்டறையில் வழக்கமாகக் கிடப்பதோ 10 அல்லது 11. கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும், இருளின் அளவைச் சொல்லும் அந்த இலக்கத்தைச் சிலர் அன்றுதான் முதன்முதல் பார்த்திருப்பார்கள்.

இலக்கம் ஒன்று கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய 2.7 மடங்கு குறைகிறது. 8 ஆம் இலக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கை விடும். 10 ஆம் இலக்கம் ஏழாயிரத்தில் ஒன்று, 11 பத்தொன்பதாயிரத்தில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க: மோட்டார் சைக்கிளில் போட்டுக்கொண்டு போகும் கறுப்புக் கண்ணாடி ஏழில் ஒரு பங்கை விடுகிறது. அதைப் போட்டுக்கொண்டு ‘ரெண்டு பொட்டுத்தானே’ என்று ஒட்டுகிறவர், 10 ஆம் இலக்கம் போட்டவரைவிட ஆயிரம் மடங்கு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் வாங்குகிறார். காஸ் வெல்டிங்குக்கு உள்ள 5 ஆம் இலக்கக் கண்ணாடியும் மின் வெல்டிங்குக்கு உதவாது.

இந்த இடத்தில் வயதையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது வயதுக் கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சந்தான் உள்ளே போகிறது என்றோம். இலக்கம் ஒன்றுக்கு 2.7 மடங்கு. அப்படியென்றால், பெரியவரின் கண்ணுக்குள்ளேயே வயது ஒரு இலக்கத்தைச் செருகி வைத்திருக்கிறது. 11 ஆம் இலக்கத்தை அவர் மாட்டினால், இருபது வயதுப் பொடியன் 12 மாட்டியது போல. இருபத்தைந்து வயதில் தொழில் சொல்லித்தந்தவர் கொடுத்த 11 ஐயே இன்னும் மாட்டிக்கொண்டு, ‘ஒண்டும் தெரியேல்லை’ என்று புலம்புபவர் ஒரு இலக்கம் குறைத்துப் பார்க்கலாம்.

எதுவரை குறைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதிப்படி, 60 முதல் 160 அம்பியர் வரை றொட்டால் ஒட்டும்போது குறைந்தபட்சம் 8 ஆம் இலக்கம். சுகமாகப் பார்க்க 10. கேற், கிறில் வேலைக்கு நாம் எடுக்கும் 2.5 மில்லிமீற்றர் றொட் இந்த வரிசைக்குள்தான் வரும். 160க்கு மேல் 250 வரை போனால் குறைந்தபட்சமே 10. அந்த விதியோடு சேர்த்துச் சொல்லும் ஆலோசனை வயதானவர்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது: ஒன்றும் தெரியாத அளவுக்கு இருண்ட கண்ணாடியில் தொடங்கி, உருகும் குழம்பும் அதன் இரு கரையும் தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வொரு இலக்கமாகக் குறைத்து வாருங்கள், குறைந்தபட்சத்துக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

கண்ணாடியை மாற்றுவதற்கு முன் காசில்லாமல் பார்க்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஹெல்மெற்றின் முன்பக்கத்தில் உள்ள தெளிந்த காப்புத் தகட்டை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பொறி தெறித்து, தூசி ஒட்டி, பால் போல வெளிறியிருந்தால் ஹெல்மெற்றுக்கும் புரை விழுந்துவிட்டது என்று அர்த்தம். வெளிச்சத்தைச் சிதறடிக்கும் தகடு, ஏற்கெனவே கூசும் கண்ணுக்கு இரட்டைச் சோதனை. அந்தத் தகடு விலை மலிந்த சாமான். அதை மாற்றாமல் வருடக் கணக்கில் ஓட்டுகிறவர்களை எந்த ஊர்ப் பட்டறையிலும் காணலாம்.

முதுகுப் பக்கத்து வெயிலும் அப்படித்தான். தகரக் கொட்டிலின் திறந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒட்டினால், பின்னாலிருந்து வரும் வெயில் ஹெல்மெற்றுக்குள் புகுந்து உட்பக்கக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும். அந்த மினுக்கத்துக்குள் கோடு மறைந்துவிடும். உள்ளே தெரிவது தன்னுடைய மூக்கும் மூக்குக் கண்ணாடியும்தான். இடத்தை மாற்றி இருங்கள், அல்லது தடித்த பருத்தித் துணியை ஹெல்மெற்றின் பின்பக்கம் தோள்வரை தொங்கவிடுங்கள். ஒட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு எல்.ஈ.டி விளக்கு, கோட்டின் ஓரமாக ஒரு வெண்கட்டிக் கீறு. இவ்வளவும் செய்த பிறகும் தெரியவில்லையென்றால் ஹெல்மெற்றைப் பற்றிப் பேசலாம்.

தானாக இருளும் ஹெல்மெற்

1981 இல் சுவீடன் நாட்டின் ஹோர்னல் நிறுவனம் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் கொண்டுவந்த சாமானின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சீனாவிலிருந்து வந்து எங்கள் கடைகளில் தொங்குகின்றன. சாதாரண நேரத்தில் உள்ளே பார்க்கக்கூடிய மங்கல். பொறி பிறந்த கணத்தில், கண் சிமிட்ட எடுக்கும் நேரத்தைவிட எத்தனையோ மடங்கு விரைவாக, இருளும். புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் படலம் தனியாக இருப்பதால், நல்ல தயாரிப்பில் இருளாத நேரத்திலும் அந்தக் காப்பு இருக்கும்.

முதியவருக்கு இது பிரயோசனமானது, காரணம் கழுத்தும் ஒட்டைத் தொடங்கும் இடமும். பழைய ஹெல்மெற்றில் றொட்டை இடத்தில் வைத்துவிட்டு, தலையை வெட்டி ஹெல்மெற்றை இறக்கி, அந்த இருட்டுக்குள் குத்துமதிப்பாகத் தொடங்க வேண்டும். இளம் கண் கோட்டை நினைவில் வைத்துத் தொடங்கும். வயதானவர் தொடங்கும்போதே தடம் மாறுவது இங்கேதான் பெரும்பாலும் நடக்கிறது.

கடைக்காரர் இருளும் இலக்கத்தைப் பற்றித்தான் பேசுவார், 9 முதல் 13 வரை என்று. நீங்கள் கேட்க வேண்டியது இருளாத நிலையில் என்ன இலக்கம் என்று. மலிவானவற்றில் அது 4. கொஞ்சம் நல்லவற்றில் 3 அல்லது அதற்கும் குறைவு. 4 ஆம் இலக்கம் நூற்றில் ஐந்து பங்கு வெளிச்சத்தையே விடும். 3 ஆம் இலக்கம் பதினான்கு பங்கு. பெட்டியில் ஒரு சின்ன எழுத்து வித்தியாசம். அறுபது வயதுக் கண்ணுக்குக் கோடு தெரிகிறதா இல்லையா என்ற வித்தியாசம்.

ஐரோப்பியத் தரச் சான்று உள்ளவற்றில் 1/1/1/2 என்பது போல நான்கு எண்கள் இருக்கும். 1 சிறந்தது, 3 கடைசி. இரண்டாவது எண் வெளிச்சம் சிதறுவதைப் பற்றியது. கூச்சம் உள்ளவர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொறி நின்ற பிறகு எவ்வளவு நேரம் இருண்டே இருக்க வேண்டும் என்று திருகி வைக்கும் குமிழும் உண்டு. பொடியன்கள் அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். பெரியவர் கொஞ்சம் கூட்டி வைக்கலாம், சிவந்து கிடக்கும் உலோகத்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்கும். பொறியை உணரும் புள்ளிகள் இரண்டு உள்ளதைவிட நான்கு உள்ளது நல்லது. கேற் கம்பிகளுக்கு இடையே கையை விட்டு ஒட்டும்போது ஒரு கம்பி குறுக்கே மறைத்தால் இரண்டு புள்ளி உள்ளது இருளாமல் விட்டுவிடும். இந்த ஹெல்மெற்றை மதிய வெயிலில் மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு விட்டுப் போகாதீர்கள். பெரும்பாலானவை 55 பாகை வரைதான் வேலை செய்ய உத்தரவாதம் உள்ளவை, எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அது அவ்வளவு தூரத்தில் இல்லை.

தாய்ப்பாலும் உருளைக்கிழங்கும்

பொறி வெளிச்சம் பட்ட கண் உடனே நோகாது. ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில், கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டது போல எழும்பும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வெட்டி வை என்று ஊரில் நூறு கைவைத்தியம். பெரும்பாலும் ஓரிரு நாளில் அது தானாகவே ஆறிவிடும். பேர் மட்டும் கிழங்குக்குப் போகும். வெட்டிய கிழங்கை மூடிய இமைக்கு மேல் வைத்தால் குளிர்மை, அவ்வளவுதான். கண்ணுக்குள் பாலை விட்டால் கிருமி சேர இடமுண்டு. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கி வைத்துத் திரும்பத் திரும்ப விடுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். கருவிழியின் புண் ஆறாமலே போய்விடும். பொறியைவிட அதிகம் கண்ணைக் கெடுப்பவை கிறைண்டர் தூளும் தெறிக்கும் கசடும். ஹெல்மெற்றை மேலே தள்ளிவிட்டு வெறுங்கண்ணோடு கசடு தட்டும் அந்த அரை நிமிடத்துக்குத்தான் உள்ளே ஒரு தெளிந்த காப்புக் கண்ணாடி. பவர் போட்ட பொலிகாபனேற் கண்ணாடி ஓரக் காப்போடு இருந்தால் அதுவே இந்த வேலையையும் செய்யும்.

தீயையே பார்த்துத் தொழில் செய்கிறவர்கள் வெல்டிங்காரர் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டியில் ஊதுகுழல் பிடித்துப் பொன் வேலை செய்த பத்தர்மாருக்கும், உலைக்கு முன் நின்ற கொல்லருக்கும் கண்ணில் புரை விழுந்த கதைகள் உண்டு. நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்கு இதே புரை வந்ததைப் பார்த்துத்தான் வில்லியம் குரூக்ஸ் என்ற விஞ்ஞானி வெப்பக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியைத் தேடி ஆராய்ந்து 1914 இல் வெளியிட்டார்.

புரை எடுத்த பிறகு திரும்ப ஒட்டலாமா என்பது பலருடைய கேள்வி. ஒட்டலாம், கண் வைத்தியர் நாள் சொன்ன பிறகு. புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை வில்லை வைப்பார்கள். 1949 நவம்பரில் லண்டனில் கண் வைத்தியர் ஹரல்ட் ரிட்லி முதல் செயற்கை வில்லையை ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார். 1992 இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஓரோலாப் நிறுவனம் அதை ஏழைக்கும் எட்டும் விலையில் செய்யத் தொடங்கியது. வழக்கமாக வைக்கும் வில்லை ஒரே தூரத்துக்குத்தான், பெரும்பாலும் தூரப் பார்வைக்கு. ஆகவே சத்திரசிகிச்சைக்கு முதலே உங்கள் தொழிலையும் அந்த நாடா அளவையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். பிறகும் ஒட்டும் தூரத்துக்கு ஒரு கண்ணாடி வேண்டியிருக்கும். இன்னொன்று: மஞ்சள் வில்லை போய்த் தெளிந்த வில்லை வந்ததும் வெளிச்சம் நீலமாய்ப் பளீரென்று அடிக்கும். முன்பு குறைத்து வைத்த இலக்கத்தைத் திரும்ப ஒன்று கூட்ட வேண்டும்.

தொழிலிடப் பாதுகாப்புக்குச் சட்டமும் உண்டு: 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சொந்த வளவில், மாமரத்துக்குக் கீழே, தன் கையையே நம்பி வேலை செய்கிறவருக்குச் சட்டம் வந்து கண்ணாடி மாட்டிவிடப் போவதில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் படித்து வருகிற பிள்ளைகள் காப்பை முதல் பாடமாகவே பழகி வருகிறார்கள். அவர்களில் ஒருவர் உதவிக்கு வந்தால் பெரியவர் வெட்கப்படாமல் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்: பொட்டு வைத்து மூலைமட்டம் பார்ப்பது அனுபவக் கைக்கு, கூரைக்குக் கீழே அண்ணாந்து ஒட்டுவது இளங் கண்ணுக்கு.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பி, “அண்ணை, என்ன கொண்டு வர?” என்று கேட்பார். ஹெல்மெற் என்று மட்டும் சொன்னால் தீச்சுவாலைப் படம் போட்ட ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். இப்படிச் சொல்லிவிடுங்கள்: இருளாத நிலையில் 3 ஆம் இலக்கம், நான்கு உணர்புள்ளி, உருப்பெருக்கி வில்லை செருக இடம் இருக்க வேணும், வில்லையின் பவர் கண் காட்டின பிறகு அனுப்புறன், முன் காப்புத் தகடு அதே அளவிலை ஒரு டசின். பற்றரி கழற்றி மாற்றக்கூடியதா என்று கடையிலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வைத்து மூடிய பற்றரி செத்துப்போனால் முழு ஹெல்மெற்றையும் எறிய வேண்டியதுதான்.